அந்த விளக்குகளை அமலா அக்கா அணைக்கவில்லை

செய்தி வாட்ஸ்அப்பில்தான் வந்தது. சிதம்பரத்தில் நான் பார்த்துக்கொள்ளும் கல்யாண மண்டபத்தில், மறுநாள் முகூர்த்தத்துக்காக மேடை விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே கார்த்திகை மழை. நம் மாடித்தோட்ட நண்பர்கள் குழுவில் ஒரு புகைப்படம் வந்து விழுந்தது. கீழே, "நமது உறுப்பினர் திருமதி அமலோற்பவம் அவர்கள் இன்று காலை கடலூரில் மாரடைப்பால் காலமானார்" என்று எழுதியிருந்தது. நாற்பத்தொன்பது வயது. நான் அதைப் படித்து முடிப்பதற்குள் கும்பிடும் கைகள் வரிசை கட்ட ஆரம்பித்துவிட்டன. ஒரு வருடமாக அந்தக் குழுவில் அவர் கேட்ட எந்தக் கேள்விக்கும் பதில் போடாதவர்கள்கூட அன்று தவறாமல் கைகூப்பினார்கள். நானும் கூப்பினேன்.

இரண்டு நாள் கழித்து நம் ஆண்டு மலரின் பொறுப்பாளர் அழைத்தார். "நீங்கதான சார் அவுங்களோட கூட வேல செஞ்சவரு? ரெண்டு பக்கம் நல்லபடியா எழுதிக் குடுங்க. அந்தப் பழைய விஷயமெல்லாம் வேணாம். போய்ச் சேந்துட்டாங்க, இனிமே அது எதுக்கு?" என்றார். பெருந்தன்மையாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டுதான் பேசினார்.

எனக்கு எழுத இருப்பதே அந்தப் பழைய விஷயம்தான். கடலூரில் இருந்த ஸ்ட்ராபெரி அறை அழிந்துபோனதற்குக் காரணம், ஆயுத பூஜையன்று அமலா அக்கா மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனதுதான் என்று உங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அது பொய். அணைத்தவன் நான். அந்தப் பொய்யைச் சொன்னவனும் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாம் பக்கத்தைப் புரட்டாமல் விடுகிறவர்கள் நம் குழுவில் அதிகம்.

அறையைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், பெண்ணாடத்துக்காரர். கரும்பு விவசாயக் குடும்பம். இப்போது கடலூரில் இரண்டு ஹோட்டல், சிதம்பரத்தில் இந்த மண்டபம் என்று பரவியிருக்கிறார். ஒருமுறை வெளிநாடு போனபோது, கட்டடத்துக்குள் விளக்கு வெளிச்சத்திலேயே ஸ்ட்ராபெரி காய்த்துத் தொங்குவதைப் பார்த்துவிட்டு வந்தார். வந்த வேகத்தில் கடலூர் முதுநகரில் மூடிக்கிடந்த ஓர் இறால் பதப்படுத்தும் கூடத்தைக் குத்தகைக்கு எடுத்தார். தோட்டக்கலை படித்துவிட்டு சிதம்பரத்தில் ஓர் உரக்கடையில் உட்கார்ந்திருந்த என்னிடம், "மாப்ள, படிச்சத எப்பதான் யூஸ் பண்ணப் போறீங்க?" என்று கேட்டு மேற்பார்வையாளர் ஆக்கினார். அமலா அக்கா அந்தக் கூடத்தோடு சேர்ந்து வந்தவர். இறால் கம்பெனி ஓடிய காலத்தில் அங்கே தரம் பார்க்கும் வேலையில் இருந்தார். கம்பெனி மூடிய பிறகும் சாவி அவரிடமே இருந்தது. அவர் தாவரவியலில் பட்டம் வாங்கியவர் என்பது எனக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கூடத்தில் பழைய குளிர்பதன அறை ஒன்று இருந்தது. கனத்த சுவர், ஜன்னல் கிடையாது. அதற்குள் நான்கு அடுக்கு இரும்பு ரேக்குகள், ஒவ்வோர் அடுக்கிலும் வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய்கள், குழாயின் துளைகளில் செடிகள், அவற்றின் தலைக்கு மேலே ஒரு முழ உயரத்தில் சிவப்பும் நீலமுமாக எல்.இ.டி. விளக்குகள். மண் கிடையாது. உரம் கலந்த தண்ணீர் குழாய்க்குள் ஓடிக்கொண்டே இருக்கும், வேர்கள் அதில் நனைந்தபடி கிடக்கும். கதவைத் திறந்தால் கத்தரிப்பூ நிற வெளிச்சம் தெருவில் வந்து விழும். "உள்ள சரக்கு பார் ஓடுதா தம்பி?" என்று எதிர் டீக்கடையில் ஒருவர் என்னிடம் தினமும் கேட்பார். அமலா அக்காவிடம் கேட்கமாட்டார். ஒரே ஒரு நாள் கேட்டதற்கு, "ஓடுது. உங்க வீட்டுக்காரம்மா காலைலயே வந்துட்டாங்க" என்று சொல்லிவிட்டாராம்.

முதல் பழத்தை வாயில் போட்ட மச்சான் முகத்தைச் சுளித்தார். "என்னம்மா இது, புளியங்கா மாதிரி இருக்கு? மீன் வாசன வேற வருது." மீன் வாசனை வரவில்லை. பதினைந்து நாள் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய இடம் அது. வாசனை அவர் மனசில் இருந்தது. ஆனால் புளிப்பு உண்மை. உரத்தை மாற்றிப் பார்க்கலாம் என்று படித்தவன் பேச்சாக நான் ஒரு யோசனை சொன்னேன். அமலா அக்கா ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். வெப்பமானியை ஒவ்வோர் அடுக்காக மாற்றி வைத்துக் குறித்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் வந்தார். "லைட்டு ஜாஸ்தி குடுத்தா காய் பெருசாவுது சார், இனிப்பாவல. லைட்டு நின்ன பெறவு ரூமு சில்லுன்னு இருக்கணும். நாம கரண்டு மிச்சம்னு அந்த நேரத்துலதான் ஏசிய நிறுத்துறோம். அங்கதான் புளிக்குது." சொன்னபடி மாற்றினோம். அடுத்த முறை பறித்த பழத்தை மச்சான் மூன்று நான்கு என்று எடுத்துத் தின்றார். "நம்ம மாப்ள கில்லாடி" என்று கூட வந்தவர்களிடம் சொன்னார். நான் திருத்தவில்லை. அமலா அக்கா தட்டைக் கழுவப் போய்விட்டார்.

நம் கூட்டத்தில் அவர் ஒருமுறை பேசியதைக் கேட்டவர்களுக்கு அந்தப் பிரஷ் நினைவிருக்கும். மூடிய அறைக்குள் தேனீ வராது, காற்றும் வீசாது. ஒவ்வொரு பூவையும் மனிதக் கைதான் தொட்டு மகரந்தம் சேர்க்க வேண்டும். தம் மகளின் பழைய ஓவியப் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு காலை பத்து மணிக்குத் தொடங்குவார். ஒரு பூவுக்கு மூன்று சுற்று. நான் ஒரு சுற்றில் முடித்துவிட்டு நகர்ந்தால் பின்னாலேயே வந்து மறுபடி செய்வார். "நடுவுல இருக்கிற ஒவ்வொரு புள்ளியும் ஒரு வெதை சார். நாலு புள்ளிய உட்டுட்டா பழம் அந்தப் பக்கம் சப்பிப்போயிடும். அப்புறம் செடிய திட்டி என்ன பிரயோஜனம்?" பத்து வருடம் ஐஸ் தண்ணீரில் இறால் நரம்பு எடுப்பதை மேற்பார்வை பார்த்தவர். பொறுமை என்று நான் பாராட்டினால் எரிச்சல்படுவார். "பொறுமையெல்லாம் ஒண்ணும் இல்ல. சரியா செய்யலன்னா எனக்குத் தூக்கம் வராது" என்பார்.

அவரைப் புனிதவதி ஆக்கிக் கும்பிட வேண்டாம். அவர் வாய்க்குப் பயந்தவர்களில் நானும் ஒருவன். என் மனைவி ஒருநாள் தன் சித்தி குடும்பத்தோடு அறையைப் பார்க்க வந்தாள். கை கால் கழுவி, தலைக்கு உறை போட்டுக்கொண்டால்தான் உள்ளே விடுவேன் என்று அமலா அக்கா கதவை மறித்து நின்றுவிட்டார். "வேல செய்றவ என்னய வாசல்ல நிக்க வெச்சுட்டா" என்று வீட்டில் ஒரு வாரம் பேச்சு. அவர் செய்ததுதான் சரி என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சாம்பாரில் உப்பு கம்மி என்றேன். அக்கா கோபத்தை விடவும் மாட்டார். கம்மாபுரத்தில் இருக்கும் தம் கூடப்பிறந்த அண்ணனோடு ஏதோ ஒரு விசேஷத்துக்கு ஒழுங்காக அழைக்கவில்லை என்பதற்காக ஒன்பது வருடம் பேசாமல் இருந்தவர்.

ஒரு மழை நாளை மட்டும் சொல்லிவிட்டு அந்தப் பூஜைக்கு வருகிறேன். புயல் சின்னம், ரயில் ஓடவில்லை, நான் சிதம்பரத்தில் மாட்டிக்கொண்டேன். கூடத்தில் மோட்டார் பம்ப் நின்றுவிட்டது. போனில் அழைத்துச் சொன்னபோது அவர் குரலில் பதற்றமே இல்லை. "தண்ணி ஓடலன்னா ஆறு மணி நேரம்தான் சார். இது மண்ணுல இருக்கிற செடியில்ல, வேரு காத்துல தொங்குது. நீங்க மெக்கானிக்க அனுப்புங்க, அதுவரைக்கும் நான் ஊத்திக்கிறேன்" என்றார். மெக்கானிக் வருவதற்கு மாலை ஆகிவிட்டது. அதுவரை ஏணியில் ஏறி இறங்கி ஒவ்வொரு குழாயிலும் குவளையால் ஊற்றிக்கொண்டே இருந்தார். ஒரு செடிகூடச் சாகவில்லை. மறுநாள் நான் போனபோது தோள்பட்டையில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு பிரஷ்ஷோடு நின்றார்.

ஆகவே தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

ஆயுத பூஜை வந்தது. மறுவாரம் மச்சானின் புது ஹோட்டல் திறப்பு. அதற்கு வருகிறவர்களுக்கெல்லாம் எங்கள் பழம்தான் கொடுப்பதாக ஏற்பாடு. ரேக்கு முழுக்கக் காய் பழுக்கத் தொடங்கியிருந்தது. பூஜையைத் தடபுடலாகச் செய்யச் சொல்லிவிட்டார் மச்சான். நான் மங்கலம்பேட்டைக்காரன். என் அப்பா மாவு மில் வைத்திருந்தார். பூஜை போட்டுவிட்டால் மில்லை நிறுத்திவிடுவார், மறுநாள் மறுபூஜை போட்டுத்தான் ஓட்டுவார். மிஷினுக்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பது எங்கள் வீட்டில் வழக்கம். அதை நான் வாய்விட்டுச் சொன்னபோது அமலா அக்கா கன்ட்ரோல் பெட்டிக்குக் கதம்பம் கட்டிக்கொண்டிருந்தார். பூ வாங்கி வந்ததும் அவர்தான். சட்டென்று திரும்பினார்.

"சார், மாவு மில்லு நின்னா மாவு வராது, அவ்ளோதான். இது நின்னா செடி செத்துப்போயிடும். உங்களுக்கு மனசு கேக்கலன்னா லைட்ட மட்டும் நிறுத்துங்க. ஒரு நாள் இருட்டுல இருந்துக்கும். பம்ப்பையும் ஏசியையும் தொடாதீங்க."

"சரிக்கா, லைட்டு மட்டும்தான்" என்றேன்.

"நாளைக்குக் காலைல நான் வந்து ஒரு எட்டு பாத்துட்டுப் போறேன்."

"வேணாம்க்கா. மறுபூஜ நான்தான் போடணும். நானே வந்து ஆன் பண்றேன். உங்களுக்கும் லீவுதான்."

எல்லாரும் பொரி, சுண்டல் வாங்கிக்கொண்டு போனார்கள். அவரும் போனார். சந்தனமும் குங்குமமும் வைத்த கன்ட்ரோல் பெட்டிக்கு முன்னால் தனியாக நின்றேன். விளக்கை மட்டும் அணைத்துவிட்டு பம்ப்பை ஓடவிடுவது அரைகுறை பூஜையாகப் பட்டது. அப்பா இருந்தால் என்ன சொல்வார் என்று தோன்றியது. காலையில் முதல் பஸ்ஸில் வந்துவிடப் போகிறோம், ஒரு ராத்திரிதானே, கதவைச் சாத்திவிட்டால் குளிர் உள்ளேயே நிற்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மெயினை இறக்கினேன். அந்த இடம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதே இல்லை. பூஜை திருப்தியாக முடிந்தது என்று நினைத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன்.

மறுநாள் காலையில் கடலூர் போகவில்லை. பெண்ணாடத்தில் மாமியார் வீட்டில் விஜயதசமி விருந்து, குழந்தைகளோடு வரச் சொல்லி மனைவி பிடிவாதம். மதியம் கிளம்பிவிடலாம் என்று போனேன். இலை போட்டு உட்கார்ந்திருக்கும்போது அமலா அக்கா போன் செய்தார்.

"சார், எல்லாம் ஓடுதுல்ல? ஆன் பண்ணிட்டீங்களா?"

பக்கத்து இலையில் மச்சான். நான் மெயினையே இறக்கிவிட்டு வந்திருக்கிறேன் என்று அவர் காதில் விழ எப்படிச் சொல்வது? "ஓடுதுக்கா" என்றேன்.

"அப்ப சரி சார்" என்று வைத்துவிட்டார்.

அவர் வீட்டிலிருந்து கூடத்துக்கு ஸ்கூட்டியில் பத்து நிமிடம். மாற்றுச் சாவி அவர் கையில் இருந்தது. "மறந்துட்டேன்க்கா, கொஞ்சம் போய் ஆன் பண்ணிடுங்க" என்று ஒரு வரி சொல்லியிருந்தால், விளக்கில்லாமல் குளிர்ந்து கிடந்த அறை, பாதிக்குப் பாதியாவது பிழைத்திருக்கும். சாப்பிட்டு எழுந்ததும் கிளம்பப் பார்த்தேன். "இருந்துட்டுக் காலைல போலாம் மாப்ள, அங்க என்ன அவசரம்?" என்றார் மச்சான். ஆமாம், ஒன்றும் அவசரமில்லை என்று நானும் இருந்துவிட்டேன்.

நாற்பது மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தோம். அக்கா அப்போதுதான் வந்து வாசலில் ஸ்கூட்டியை நிறுத்திக்கொண்டிருந்தார், நான்தான் பூட்டைத் திறந்தேன். உள்ளேயிருந்து வெந்த கீரையின் நாற்றமும் சாம்பிராணி வாடையும் சேர்ந்து வந்தன. பழங்களின்மேல் சாம்பல் நிறப் பூஞ்சை படர்ந்திருந்தது. இலைகள் துவண்டு குழாயின் இருபுறமும் தொங்கின. அமலா அக்கா ஒரு செடியை வெளியே இழுத்து வேரைப் பார்த்தார். பழுப்பாக, நூல் மாதிரி இருந்தது. பிறகு கன்ட்ரோல் பெட்டிக்குப் போய், இறங்கிக் கிடந்த மெயினைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

ஹோட்டல் திறப்பு வேலையாகக் கடலூர் வந்திருந்த மச்சான் அரை மணி நேரத்தில் வந்துவிட்டார். "யாரு ஆஃப் பண்ணது?" என்று கத்தினார். எனக்கு யோசிக்க நேரம் இல்லை என்று சொல்லமாட்டேன். பஸ்ஸில் வரும்போதே யோசித்திருந்தேன். "நான் பூஜ முடிச்சிட்டுப் போறப்ப எல்லாம் ஓடிட்டுதான் இருந்துச்சு மச்சான்" என்றேன்.

"சாவி ரெண்டுதான். அப்ப நீ என்னம்மா சொல்ற?"

"நான் இந்தப் பக்கமே வரல சார்" என்றார் அக்கா. "சார்கிட்ட போன்லகூட கேட்டேன்." அதோடு நிறுத்திக்கொண்டு, மீதியை நான் சொல்வதற்காகக் காத்திருந்தார். நான் தரையில் விழுந்து கிடந்த கதம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மச்சான் என் பக்கம் திரும்பி, அவர் காதிலும் விழும்படிச் சொன்னார்: "நம்ம பூஜ அவுங்களுக்கு ஆவாது மாப்ள. அதான் வேலைய காட்டிட்டாங்க." அதையும் நான் மறுக்கவில்லை. எங்கள் சாமிக்குப் பூ தொடுத்த கையைப் பற்றி அப்படிப் பேசியதை வாய்மூடிக் கேட்டுக்கொண்டு நின்றேன். அன்றைக்கே அவரை வேலையைவிட்டு நிறுத்தினார்கள்.

கேட் வரைக்கும் நான் கூடப் போனேன். எதற்குப் போனேனோ, தெரியவில்லை. ஸ்கூட்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"நீங்கதான் பண்ணீங்கன்னு நான் யார்கிட்டயும் போய்ச் சொல்ல மாட்டேன் சார். அது உங்க குடும்ப விஷயம். நான் பண்ணலன்னு மட்டும் ஒரு வார்த்த சொல்லிடுங்க. யாரு பண்ணாங்கன்னு சொல்ல வேணாம். எனக்கு இந்த ஊர்லதான் வேல தேடணும்."

"சொல்றேன்க்கா" என்றேன்.

இதன் பிறகு நடந்ததில் உங்களுக்கும் பங்கு உண்டு. மாதக் கூட்டத்தில் அவருடைய அடுத்த பேச்சை முதலில் தள்ளிவைத்தீர்கள், பிறகு எடுத்துவிட்டீர்கள். "செடிய சாவடிச்சவங்க செடி வளக்கறதப் பத்திப் பேசறாங்களா?" என்று ஒருவர் கேட்க, முன்வரிசையில் சிரித்தார்கள். அந்த வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். அதற்கப்புறமும் அவர் குழுவில் இருந்தார். வீட்டில் ஓர் இரும்பு பீரோவின் கதவைக் கழற்றி, உள்ளே விளக்கு பொருத்தி, ஆறு ஸ்ட்ராபெரி நாற்று வைத்திருந்தார். இலை ஓரம் கருகுகிறது, சுண்ணாம்புச் சத்துக் குறைவா என்று படத்தோடு கேட்டார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பதில் தெரியும். நானும் எழுதவில்லை.

சிதம்பரத்தில் கண்ணாடிக் குப்பிகளில் வாழைக்கன்று உற்பத்தி செய்யும் ஒரு கூடத்தில் அவருக்கு வேலை கிடைக்க இருந்தது. அங்கிருந்து என்னை அழைத்துக் கேட்டார்கள்: "உங்ககிட்ட வேல செஞ்சவங்களாமே, எடுக்கலாமா சார்?" கேட் அருகில் அக்கா கேட்ட அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. மச்சான்கூடப் பக்கத்தில் இல்லை. "வேல நல்லாத் தெரியும். மத்தத எங்க ஓனர்கிட்ட கேட்டுக்குங்க" என்றேன். ஓனர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். நான் இதைச் சொன்ன நேரத்தில் அமலா அக்கா அந்தக் கூடத்தின் வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்று பிற்பாடு தெரிந்தது. அன்று மாலை சிதம்பரம் பேருந்து நிலையத்தில் எதிரெதிரே பார்த்துக்கொண்டோம். சான்றிதழ் வைத்த பிளாஸ்டிக் பையை மார்போடு பிடித்திருந்தார். ஒளிந்துகொள்ள இடமில்லை. கிட்ட வந்தார். "சாப்டீங்களா சார்?" என்று கேட்டார். ஆச்சு என்றேன். கடலூர் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

ஒன்பது வருடம் அண்ணனோடு பேசாதவர் என்னோடு மட்டும் ஏன் பேசினார் என்று நினைத்தேன். மன்னித்துவிட்டார் போலிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன். அது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது தெரியுமா? அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

அக்காவின் அடக்கத்துக்குப் போனேன், கடைசி ஆளாக நின்றுவிட்டு வந்தேன். மறுநாள் நேராக மச்சானிடம் போய்ச் சொன்னேன். மெயினை இறக்கியது நான், போனில் பொய் சொன்னது நான், அந்தம்மாவுக்கு எதுவும் தெரியாது என்று ஒரே மூச்சில் கொட்டினேன். மண்டபத்தைவிட்டு அனுப்பிவிடுவார், வீட்டில் மனைவி முகம் கொடுத்துப் பேசமாட்டாள், பெண்ணாடத்துக்கு இனிப் போக முடியாது என்று பதின்மூன்று மாதம் எதற்கெல்லாம் பயந்தேனோ அதற்கெல்லாம் தயாராகத்தான் போயிருந்தேன்.

மச்சான் சிரித்தார். "அட, நீங்கதானா மாப்ள? அப்பவே சொல்லியிருந்தா ரெண்டு நாள் கத்தியிருப்பேன். நம்ம வீட்டு மாப்ளய நான் என்ன பண்ணிடப்போறேன்? உடுங்க, பாவம், அந்தம்மாவும் போயிட்டாங்க. சாப்டுட்டுப் போங்க." தோசை வந்தது. எனக்கு இறங்கவில்லை. ஆனால் தட்டில் வைத்ததை மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டுத்தான் எழுந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

தேவாலயத்தில் முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய கணவர் ஆரோக்கியராஜ் துறைமுகத்தில் படகு இன்ஜின் மெக்கானிக். வந்தவர்கள் போகும்வரை காத்திருந்து அவரிடமும் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை.

"தெரியும் சார். அன்னிக்கே சொன்னா. சார் பயந்துட்டாரு, ஒரு வாரம் போவட்டும், அவரே சொல்லிடுவாருன்னா. அப்புறம் தீவாளி போவட்டும்னா. அப்புறம் பொங்கல்னா. சிதம்பரத்துக்கு வேலைக்குப் போறப்பகூட, சார்கிட்டதான் கேப்பாங்க, நல்லதா சொல்லுவாருன்னுட்டுதான் போனா. அதுக்கப்புறம் இதப்பத்தி பேசறத உட்டுட்டா."

மூலையில் பீரோ இருந்தது. விளக்கு எரியவில்லை. செடிகளைக் கேட்டேன். "எனக்கு அதெல்லாம் பாத்துக்கத் தெரியாது சார். புடுங்கிப் போட்டுட்டேன்" என்றார். பிறகு, "ஓனர்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார்.

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். அவருக்காகவாவது சொல்லியிருக்கலாம். "சிரிச்சாரு" என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். கணக்குப் புரியாதவர்போலப் பார்த்தார்.

"அவ்ளோதானா சார்?" என்று கேட்டார்.

எழுந்து வந்துவிட்டேன். அமலா அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது என்ன என்று சொல்லி இதை முடிக்க வேண்டும். அவருடைய கை எனக்கு வராது, அவருடைய நேர்மையைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. நான் எடுத்துக்கொள்வது பழியை. அது என்னுடையது. பதின்மூன்று மாதம் அவர் வீட்டில் கிடந்தது, அதைச் சுமந்துகொண்டுதான் அவர் வேலை கேட்டுப் படியேறினார். இனி அது என்னிடம் இருக்கட்டும். ஆரோக்கியராஜ் கேட்டதற்கும் இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன். கேட் அருகில் அமலா அக்கா கேட்ட அன்றே நான் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் மச்சான் இரண்டு நாள் கத்தியிருப்பார். அவ்வளவுதான், ஆரோக்கியராஜ்.